சிவப்பு எது, பச்சை எது?

அருப்புக்கோட்டையை விட்டுத் திருச்சுழிச் சீமைக்குள் போகப் போக, மரங்கள் குறைந்து வானம் பெரிதாகிக்கொண்டே வரும். கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண், வரப்போரத்தில் சீமைக் கருவேல், மழையை நினைத்துக்கொண்டு கிடக்கும் கண்மாய்கள் - இவ்வளவுதான் காட்சி. இந்த வானம் பார்த்த பூமியில் இருக்கும் பரளச்சியின் பெயரை நேயர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மழை பொய்க்காத வருஷத்தில், மாசி பங்குனி மாதங்களில், அந்தப் பக்கம் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம் அது. பச்சைச் செடிகளுக்கு நடுவே சிவந்த பழங்கள் மின்னும். களங்களில் வற்றல் காயும். பூமித்தாயின் மேல் குங்குமத்தை வாரி இறைத்துவிட்டாற் போலிருக்கும்.

இந்தக் காட்சியை நாம் அழகுக்காக வர்ணிக்கவில்லை. இதே காட்சியின் நடுவில் பிறந்து வளர்ந்த ஒரு பையனுக்கு இதில் பாதி தெரியவேயில்லை. தெரியவில்லை என்பது அவனுக்கும் தெரியாது. அவனைப் பெற்றவர்களுக்கும் தெரியாது. ஏழு வருஷம் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நமக்கும் தெரியாது. தெரிய வந்தபோது அவனுக்கு வயது 18. அவன் மனத்தில் கட்டியிருந்த கோட்டை அன்று ஒரு நாளில் இடிந்தது.

அந்தக் கதையைச் சொன்னால் வேறு சில வீடுகளிலாவது அப்படி நேராமல் இருக்கும் என்ற நம்பிக்கையினாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

பட்டாளத்துப் பிள்ளை

பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரின் மூத்த மகன் அவன். பெயர் இங்கே வேண்டாம். ஆறாம் வகுப்பில் நம்மிடம் வந்து சேர்ந்த நாள் முதலே அவனுக்கு ஒரே லட்சியந்தான்: பட்டாளத்தில் அதிகாரியாக வேண்டும். அதிலும் சாதாரண அதிகாரியாக அல்ல. விமானத்திலிருந்து குதித்து எதிரியின் அணிக்குப் பின்னால் போய் இறங்குகிறார்களே, பாராசூட் ரெஜிமெண்டின் விசேஷப் படையினர், அவர்களில் ஒருவனாக வேண்டும். விடியற்காலையில் கண்மாய்க் கரைமேல் அவன் ஓடுவதைப் பார்த்துத்தான் அந்த ஊரில் பலர் பொழுது விடிந்ததென்று அறிந்துகொள்வார்கள்.

அந்தப் படையினர் அணியும் தொப்பி அரக்குச் சிவப்பு. பையன் தன் நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் அதை வரைந்து வர்ணமும் தீட்டியிருந்தான். ஆனால் தீட்டியிருந்தது மண் நிறம். "என்னடா, தொப்பி மழையில் நனைந்து சாயம் போய்விட்டதா?" என்று கேட்டு நாம் சிரித்தோம். அவனும் கூடச் சிரித்தான். இன்னொரு சமயம் இந்தியப் படத்தில் காடுகளுக்கெல்லாம் பழுப்பு நிறம் தீட்டிக்கொண்டு வந்தான். கவனக்குறைவு என்று மதிப்பெண்ணைக் குறைத்தோம். வீட்டிலோ, "பழம் எடுக்கச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் ஒரு கூடை எடுப்பதற்குள் இவன் கால் கூடை எடுக்கிறான், சோம்பேறி" என்று தகப்பனார் குறைப்பட்டுக்கொண்டார்.

இத்தனை தடயங்கள் இருந்தும் துப்பு துலக்கத் தெரியாத போலீஸ்காரர்களைப் போல நாங்கள் இருந்தோம்!

பையன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே தேசியப் பாதுகாப்புக் கழகத்துக்கான பரீக்ஷை எழுதினான். புனேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் உள்ள அந்தக் கழகத்துக்கு 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி அடிக்கல் நாட்டியவர் ஜவாஹர்லால் நேரு. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தும் பரீக்ஷையில் கணிதத்துக்கு 300, பொது அறிவுக்கு 600, ஆக 900 மதிப்பெண். அதில் தேறியவர்களை ஐந்து நாள் கூட்டி வைத்து, பேச வைத்து, ஓட வைத்து, சுவர் ஏற வைத்து, இன்னொரு 900 மதிப்பெண்ணுக்குச் சோதிப்பார்கள். முதல் முறை பையன் எழுத்துப் பரீக்ஷையில் தவறினான். இரண்டாம் முறை இரண்டையும் தாண்டிவிட்டான். ஊரில் தகப்பனார் எல்லோருக்கும் சர்க்கரை வழங்கினார். பாக்கி இருந்தது வைத்தியப் பரிசோதனை ஒன்றுதான். கண்மாய்க் கரையில் ஓடி ஓடி இரும்பாகிவிட்ட தேகத்துக்கு அதில் என்ன பயம்?

பத்து நாள் கழித்து அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் சவக்களை.

"ஸார், ஒரு புத்தகம் காட்டினார்கள். பக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்தது. முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்றேன், சரி என்றார்கள். அதற்கப்புறம் வெறும் புள்ளிதான். அவர்கள் பேசாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனார்கள். புத்தகத்தில்தான் அச்சுப் பிழை என்று நினைத்தேன்."

"அப்புறம்?"

"இருட்டறையில் உட்கார வைத்து விளக்குக் காட்டினார்கள். சிவப்பா, பச்சையா, வெள்ளையா சொல் என்றார்கள். சொன்னேன். தப்பாம்."

சிறிது நேரம் மௌனமாக இருந்தான். பிறகு கேட்டான்: "ஸார், நான் குருடனா?"

மேல் பரிசோதனைக்கு விண்ணப்பம் போட இடம் உண்டு. போட்டான். அங்கேயும் அதே புத்தகம், அதே விளக்கு, அதே முடிவு.

குருடு அல்லாத குருடு

நிறக்குருடு என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் பெரிய அநியாயம் செய்துவிட்டார்கள். இந்தக் குறை உள்ளவனுக்குப் பார்வை கூர்மையாகவே இருக்கும். உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்பதும் பெரும்பாலும் தவறு. நீலமும் மஞ்சளும் அவனுக்கு நன்றாகத் தெரியும். தடுமாற்றமெல்லாம் சிவப்பு, பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களுக்கிடையில்தான்.

நம் விழித்திரையில் கூம்பு வடிவமான மூன்று வகை அணுக்கள் உள்ளன. ஒளியின் நெட்டலைகளை ஒரு வகையும், நடுத்தர அலைகளை ஒரு வகையும், குற்றலைகளை ஒரு வகையும் முக்கியமாக உணர்கின்றன. இம்மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மூளை நிறங்களைப் பகுத்து அறிகிறது. முதலிரண்டு வகைகளில் ஒன்று இல்லாவிட்டால், அல்லது தன் இயல்பு மாறி மற்றதை ஒத்திருந்தால், ஒப்பிடுவதற்கு வித்தியாசம் போதாது. சிவந்த பழமும் பச்சைக் காயும் ஒரே சாயலாகிவிடும்.

இதைத் தன்னிடமே கண்டறிந்து விளக்கிய ஒருவர் எவர் தெரியுமா? அணுக் கொள்கையை வகுத்த ஆங்கில விஞ்ஞானி ஜான் டால்ட்டன்! ஜெரேனியம் என்னும் பூ பகலில் அவருக்கு ஆகாய நீலமாகத் தெரிந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நீலமே இல்லாமல் சிவப்புச் சாயலாகத் தெரிந்தது. மற்றவர்களைக் கேட்டார், அப்படி ஒன்றும் மாறவில்லை என்றார்கள். அவருடைய சகோதரர் மட்டும் அவர் சொன்னதையே சொன்னார். 1794-இல் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். தம் விழிக்குள்ளிருக்கும் நீர் நீல நிறமாக இருக்க வேண்டும் என்று கருதிய அவர், இறந்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கும்படி சொல்லிவைத்தார். 1844-இல் அவ்வாறே பார்த்தார்கள். விழிநீர் தெளிவாகவே இருந்தது. விடை கிடைத்தது 1995-இல். பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் கண்ணிலிருந்து மரபுப் பொருளை எடுத்துச் சோதித்ததில், நடுத்தர அலைகளை உணர்வதற்கான மரபணு அவருக்கு இல்லை என்று நிச்சயமாயிற்று.

ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேருக்கு இந்தக் குறை உண்டு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்று சொல்லலாம். நம் நாட்டில் எடுத்த கணக்குகளில் பொதுவாக இது சற்றுக் குறைவு. எனினும் ஆண் பிள்ளைகள் படிக்கும் எந்தப் பெரிய பள்ளிக்கூடத்திலும் இப்படிப்பட்டவன் ஒருவனாவது இல்லாமல் இருக்கமாட்டான்.

தாய் வீட்டுச் சீர்

பையனுக்குத் தேறுதல் சொல்வதற்காக அவன் வீட்டுக்குப் போனோம். அவன் தாயார் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். யாரோ ஓர் உறவினர், "இது தாய் வழியாகத்தான் வருமாம்" என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது போதாதா? பத்து மாதம் சுமந்தவள் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டாள்.

தாய் வழியாக வருவது வாஸ்தவம். ஆனால் அதில் குற்றம் எங்கிருந்து வந்தது? சிவப்பு, பச்சை உணர்வுக்கான மரபணுக்கள் எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் தாய் கொடுத்தது. பெண்ணின் இரண்டில் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். அவள் நிறங்களைச் சரியாகவே காண்பாள். அந்தப் பழுதான ஒன்று மகனுக்குப் போய்ச் சேர்ந்தால், அவனுக்கு மாற்று இல்லை. பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அது சேர்வதற்கும் சேராததற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டிவிடுவதைப் போன்ற காரியம். தகப்பனிடமிருந்து மகனுக்கு இது வரவே வராது. ஆனால் இந்தக் குறையுள்ள தகப்பனின் மகள்கள் எல்லோரும் அதைத் தமக்குத் தெரியாமலே சுமந்துகொண்டு, புகுந்த வீட்டுக்குக் கொண்டு போவார்கள். ஆகையால் தாய்வழிப் பாட்டனையும் தாய்மாமனையும் விசாரித்தால் பெரும்பாலும் துப்புக் கிடைக்கும். மாமன் மருமகள் கலியாணம் வழங்கும் நம் நாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு: குறையுள்ள மாமன், அதைச் சுமக்கும் அக்காள் மகளையே மணந்தால், பெண் குழந்தைகளுக்கும் இந்தக் குறை வெளிப்படையாக வரலாம்.

நாம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாத்தியாரையா, எங்க அய்யாவும் பழத்தைப் பார்த்துப் பறிக்க மாட்டாரு. ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பாரு. 'பழமும் காயும் தெரியாத சம்சாரி'ன்னு ஊரே கேலி பண்ணும்."

பையன் திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தான். "நானும் அப்படித்தானம்மா. பழம் மெத்தென்று இருக்கும். காய் விறைப்பாக இருக்கும். எல்லோரும் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன்."

தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். "சோம்பேறி" என்று இத்தனை வருஷம் திட்டியது அவருக்கு நினைவு வந்திருக்கும். நமக்கும் அந்தப் பழுப்புக் காடுகள் நினைவுக்கு வந்தன.

விதிக்குக் காரணம் உண்டா?

"ஓடத் தெரிகிறது, சுடத் தெரிகிறது; பச்சையும் சிவப்பும் தெரியாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?" என்று நேயர்கள் கேட்கலாம். பையனும் அதைத்தான் கேட்டான். கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனாலும் நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

1875-இல் ஸ்வீடன் தேசத்தில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு ரயில்கள் மோதி உயிர்ச் சேதம் உண்டாயிற்று. நிறக்குறையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று உப்சாலா சர்வகலாசாலையின் உடலியல் அறிஞர் ஹோம்கிரேன் சந்தேகித்தார். வர்ணக் கம்பளி நூல்களைப் பொறுக்கி இனம் பிரிக்கச் சொல்லி ரயில்வே ஊழியர்களைச் சோதித்தார். அந்த விபத்தின் உண்மைக் காரணத்தைப் பற்றிப் பின்னால் வாதங்கள் எழுந்தன. ஆனால் ரயிலுக்கும் கப்பலுக்கும் ஆள் எடுக்கும்போது நிறப்பார்வையைச் சோதிக்கும் வழக்கம் அதன் பின் உலகெங்கும் பரவிவிட்டது. இரவில் கடலில் வரும் கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை விளக்கு. இரண்டையும் மாற்றிப் பார்க்கிற மாலுமிக்கு எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியாது.

வெகு சமீப காலத்து உதாரணமும் உண்டு. 2002-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி விடியுமுன், அமெரிக்காவில் டல்லஹாசி விமான நிலையத்தில் இறங்க வந்த சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதையை எட்டுமுன்பே மரங்களில் மோதி விழுந்தது. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். விமானம் சரியான உயரத்தில் வந்தால் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரியும். மிகவும் தாழ்ந்து வந்தால் நான்கும் சிவப்பாகத் தெரியும். அன்று விமானத்தைச் செலுத்தியவருக்கு நிறப்பார்வைக் குறை இருந்தது. விமானிகளின் களைப்பும் கவனக்குறைவும் காரணங்களென்று சொன்ன விசாரணையாளர்கள், இந்தக் குறையையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். விமானத்திலிருந்த மூவரும் காயத்தோடு உயிர் தப்பியது தெய்வச் செயல்.

ராணுவத்தில் வானில் பறக்கவிடும் சமிக்ஞை ஒளிக்கும் நிறம் உண்டு. புகைக் குண்டுக்கும் நிறம் உண்டு. வெடி மருந்தோடு இணைந்த கம்பிக்கும் நிறம் உண்டு. முன்னேறு என்பதும் பின்வாங்கு என்பதும் ஒரு நிறத்தில் அடங்கிவிடக்கூடிய இடம் அது. அங்கே ஒருவன் தவறினால் இறப்பவன் அவன் மட்டும் அல்ல.

பையனுக்குக் காட்டிய புள்ளிப் புத்தகமே ராணுவத்துக்காகப் பிறந்ததுதான். ஜப்பானிய ராணுவ வைத்தியரான ஷினோபு இஷிஹாராவிடம், சிப்பாய்களைச் சோதிக்க ஒரு முறை வகுக்கும்படி மேலதிகாரிகள் கேட்டார்கள். அவர் நீர் வர்ணங்களைக் கொண்டு தம் கையாலேயே புள்ளிகள் தீட்டினார். 1917-இல் புத்தகம் வெளிவந்தது. புள்ளிகளின் அளவையும் வெளிச்சத்தையும் வேண்டுமென்றே கலந்து வைத்திருப்பதால், நிறம் ஒன்றைக் கொண்டுதான் எண்ணைப் பிரித்துப் படிக்க முடியும். முதல் பக்கத்துப் பன்னிரண்டு மட்டும் எல்லோருக்கும் தெரியும். வேண்டுமென்றே தெரியாதது போல நடிப்பவனை அது காட்டிக் கொடுத்துவிடும்!

திறந்த கதவும் மூடிய கதவும்

நம் ராணுவ விதிகள் இந்தக் குறையுள்ள எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதில்லை. நிறப்பார்வையைப் பல படிகளாக வகுத்திருக்கிறார்கள். மார்ட்டின் லாந்தர் என்னும் கருவியில் தோன்றும் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகளை இருட்டறையில் 6 மீட்டர் தூரத்திலிருந்து பிழையின்றிச் சொல்பவர் முதற்படி. ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்தாவது சரியாகச் சொல்பவர் மூன்றாம் படி. 'குறையுண்டு, ஆனால் அபாயமில்லை' என்பது அதன் கருத்து. அதுவும் முடியாதவர் அதற்கும் கீழே. விமானம் ஓட்ட முதற்படி வேண்டும். தரைப்படைக்கு மூன்றாம் படி போதும் என்று பல வருஷத்து அறிவிப்புகளில் சொல்லியிருந்தார்கள். இந்த அளவுகோல் பதவிக்குப் பதவி வேறுபடும். காலத்துக்குக் காலம் திருத்தப்படவும் செய்யும். ஆகையால் அண்ணன் சொன்னான், அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று இராமல், விண்ணப்பம் போடும் வருஷத்து அறிவிப்பின் வைத்தியப் பகுதியைத் தாமே படித்துக்கொள்வது உத்தமம்.

கவனிக்க வேண்டியது இது: லேசான குறையுள்ள பிள்ளைக்குச் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. கடுமையான குறையுள்ளவனுக்கு முன்வாசலிலேயே தடை. பாராசூட் விசேஷப் படையானாலும், 1987-இல் தோன்றிய கடற்படையின் மார்கோஸ் படையானாலும், முதலில் அந்தந்தச் சேனையின் வீரனாகத் தேறியவனே பிறகு அவற்றின் கடும் சோதனைக்குப் போக முடியும். நம் பையன் ஒன்றரை மீட்டர் விளக்கிலும் தவறியவன்.

தடை என்று தெரிந்ததும் மூன்று தப்பு வழிகள் அவனைத் தேடி வந்தன. முதலாவது, புத்தகத்தின் எண்களை மனப்பாடம் செய்துவிடலாம் என்ற யோசனை. பக்க வரிசையை மாற்றிக் காட்டினால் மனப்பாடம் என்ன செய்யும்? விளக்குக்கு ஏது மனப்பாடம்? அப்படித் தப்பித்துப் போய் ஓர் இருட்டு இரவில் பத்துப் பேரைத் தவறான பக்கம் நடத்திச் சென்றால், அந்தப் பத்து வீட்டுத் தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது? இரண்டாவது, வர்ணக் கண்ணாடி. சில நிறங்களின் வித்தியாசத்தை அது சற்று எடுத்துக் காட்டலாம்; இல்லாத உணர்வை உண்டாக்காது. மூன்றாவது, லேகியமும் சூரணமும். பிறவியில் வந்த நிறக்குறையைப் போக்கும் மருந்து இன்று கிடையாது; உண்டென்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஆராய்ச்சி நடக்காமலில்லை. சிவப்பு பச்சை அறியாத இரண்டு குரங்குகளுக்கு, இல்லாத மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்தி நிறம் அறியச் செய்துவிட்டதாக 2009-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றுக்கு டால்ட்டன் என்று பெயர்! ஆனால் குரங்குக்குப் பலித்தது மனிதனுக்கு இன்னும் வைத்தியமாக வந்து சேரவில்லை.

குறையிலும் ஒரு நிறை

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பையனிடம் நாம் சொன்ன இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1992-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். வர்ணங்களைத் தாறுமாறாகக் கலந்து அதற்குள் ஓர் உருவத்தை மறைத்து வைத்தார்கள். நிறம் தெரிந்தவர்களின் கண் வர்ணங்களில் மயங்கி உருவத்தைத் தவறவிட்டது; சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 2005-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், லேசான நிறக்குறையுள்ள சிலர், மற்றவர்களுக்கு ஒன்றாகவே தெரியும் சில காக்கி வர்ணங்களை வெவ்வேறாகப் பிரித்துச் சொன்னார்கள். காக்கியில் இத்தனை காக்கி உண்டு என்று அவர்களுக்குத்தான் தெரிகிறது!

இதனால் ராணுவ விதி மாறிவிடாது. மாற வேண்டும் என்றும் நாம் வாதாடவில்லை. ஆனால் ஒரு கண்ணை வெறும் பழுது என்று தள்ளிவிட இயற்கை சம்மதிப்பதில்லை என்பதற்கு இது அத்தாட்சி.

சட்டமும் இப்போது சற்று விழித்துக்கொண்டிருக்கிறது. திரைப்படத் தொகுப்புக் கலை கற்க விரும்பிய ஒருவரை நிறக்குறை காரணமாக புனே திரைப்படக் கல்லூரி ஏற்க மறுத்தது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்து, இந்தக் குறையுள்ளவர்களுக்கும் எல்லா வகுப்புகளிலும் இடம் தரச் சொல்லிற்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில், நம் தமிழ்நாட்டு மின்வாரியத்தில் உதவி என்ஜினீயராகத் தேர்ந்தும் நிறக்குறையால் வேலை மறுக்கப்பட்டவருக்குப் பொருத்தமான இடத்தில் வேலை தர வேண்டும் என்று அதே கோர்ட்டு உத்தரவிட்டது. இந்தக் குறை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் இல்லை. சலுகைக்குப் போனால் 'நீ ஊனமுற்றவன் அல்ல' என்பார்கள். வேலைக்குப் போனால் 'நீ ஊனமுற்றவன்' என்பார்கள். இந்த இருதலைக் கொள்ளியிலிருந்து இவர்களை மீட்க அந்தத் தீர்ப்புகள் வழி காட்டின. உயிர் பறிபோகும் இடத்தில் கண்டிப்பு வேண்டும். மற்ற இடங்களில் பழக்கத்தினால் மட்டும் பூட்டியிருக்கும் கதவுகள் திறக்க வேண்டும். இதுவே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பத்து வயதில் தெரிந்தால் என்ன?

பையனுக்கு நேர்ந்தது நிறக்குறையால் மட்டும் நேர்ந்த துன்பம் அல்ல. அது காலங்கடந்து தெரிந்ததால் நேர்ந்த துன்பம். ஆறாம் வகுப்பில் தெரிந்திருந்தால், அந்த ஏழு வருஷத்து ஓட்டத்தையும் படிப்பையும் வேறு பாதையில் செலுத்தியிருப்பான். தேச சேவை என்பது துப்பாக்கி பிடித்த கையோடு முடிந்துவிடுவதில்லை. ஆவடியில் டாங்கிகள் செய்கிறார்கள். அருவங்காட்டில் வெடி மருந்து செய்கிறார்கள். கணிதம் தெரிந்தவனுக்கும் இயந்திரம் தெரிந்தவனுக்கும் நாட்டைக் காக்கும் வேலையில் இடம் இருக்கிறது. எந்த வேலைக்கு எந்த அளவு நிறப்பார்வை வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு புறப்படுவதற்கு ஏழு வருஷம் எவ்வளவு நீண்ட காலம்! அதை நாம் அவனுக்குக் கொடுக்கத் தவறிவிட்டோம்.

கண் வைத்தியரிடம் இந்தச் சோதனைக்குச் சில நிமிஷமே பிடிக்கும். வலி கிடையாது, மருந்து கிடையாது. சிறு குழந்தைகளுக்கு எண்ணுக்குப் பதில் விரலால் தடம் பிடிக்கும் வளைகோடுகள் அதே புத்தகத்தில் உண்டு. தாய்மார்கள் சில அறிகுறிகளைக் கவனிக்கலாம். குழந்தை மரத்துக்குப் பழுப்பு இலை தீட்டுகிறதா? பச்சைச் சட்டையைக் கேட்டால் பழுப்புச் சட்டையை எடுத்து வருகிறதா? பழமும் காயும் கலந்து பறிக்கிறதா? தாய்வழிப் பாட்டனுக்கோ மாமனுக்கோ இந்தத் தடுமாற்றம் இருந்ததா? இருந்தால் ஒரு முறை வைத்தியரிடம் காட்டிவிடலாம். ரயில், கப்பல், விமானம், பட்டாளம், போலீஸ் ஆகியவற்றில் பிள்ளை கண் வைத்திருந்தால், பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே காட்டிவிட வேண்டும்.

நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதியதைப் படிக்கத் திணறும் பையனை அதட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கலாம். தேசப்படத்தில் நிறத்தோடு பெயரையும் எழுதச் சொல்லலாம். பழுப்புக் காட்டுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன், "இது உனக்கு என்ன நிறமாகத் தெரிகிறது?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை.

தம்பி

அந்தப் பையனுக்கு ஒரு தம்பி. அப்போது ஐந்தாம் வகுப்பு. மேல் பரிசோதனையும் போய்விட்ட மறு வாரம், அண்ணனே தம்பியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தான்.

"ஸார், இவனையும் பார்த்துவிடலாம்."

மூவருமாக அருப்புக்கோட்டையில் ஒரு கண் வைத்தியரிடம் போனோம். அவர் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கம்: "பன்னிரண்டு." அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாம் பக்கம். சிறுவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "இதில் ஒன்றும் இல்லையே!" என்றான்.

மூன்றாம் பக்கத்திலும் இல்லை. நான்காம் பக்கத்திலும் இல்லை.

வைத்தியர் புத்தகத்தை மூடினார். அண்ணன் தம்பியின் அருகே குனிந்து உட்கார்ந்து, மிளகாய்ப் பழக் கதையைச் சொன்னான். தாத்தாவும் அப்படித்தான், தானும் அப்படித்தான் என்றான். ரயில் ஓட்டவும் விமானம் ஓட்டவும் முடியாது, மற்றது எதுவும் படிக்கலாம் என்றான். சிறுவன் சற்று யோசித்தான்.

"அப்போ கலர் பென்சிலில் பேரை எழுதிக் கொடுத்துருவியாண்ணே?"

"எழுதித் தருகிறேன்."

"சரி" என்றான். அவ்வளவுதான். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டில் சர்பத்துக் கடையைக் காட்டி, அது வேண்டும் என்று கேட்டான்.

அதே புத்தகம், அதே புள்ளிகள், அதே முடிவு. மூத்தவனுக்கு அது இடியாக விழுந்தது. இளையவனுக்கு ஒரு கோப்பைச் சர்பத்தோடு தீர்ந்தது. இடையில் இருந்த வித்தியாசம் எட்டு வயது.

மூத்தவன் இப்போது மதுரையில் கணிதம் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் விடியற்காலையில் கண்மாய்க் கரைமேல் இன்னும் ஓடுகிறான். அவன் பின்னால் தம்பியும் ஓடுகிறான். பங்குனியில் பழம் எடுக்கும்போது அண்ணனும் தம்பியும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் பறிக்கிறார்கள். மெதுவாகத்தான் கூடை நிறைகிறது. ஆனால் தகப்பனார் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.